பிசாங் கோரெங் வீட்டிலேயே: பழம் வாங்குவது முதல் எண்ணெய் வடிப்பது வரை

வாழைக்காய் பஜ்ஜி கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள்கூட முதல் தடவை பிசாங் கோரெங் செய்யும்போது சறுக்கிவிடுகிறார்கள். காரணம் எளிது. காயில் மாவுச்சத்துதான் அதிகம். பழத்திலோ தண்ணீரும் சர்க்கரையும் சேர்ந்து இருக்கின்றன. சாதாரண வாழைப்பழத்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் மேல்மாவை ஊற வைத்துத் தொளதொளவென்று ஆக்கும். சர்க்கரை சீக்கிரம் கருகும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த இரண்டையும் அடக்கி வைப்பதற்காகத்தான்.

இந்தோனேசிய மொழியில் ‘பிசாங்’ என்றால் வாழை, ‘கோரெங்’ என்றால் பொரித்தது. கேரளத்துப் பழம்பொரிக்கு இது நெருங்கிய உறவு. ஆனால் பழம்பொரியின் மேல்மாவு மெத்தென்று இருந்தாலும் குறையில்லை. இங்கே கடிக்கும்போது மேலோடு உடையும் சத்தம் கேட்க வேண்டும். உள்ளே பழம் அல்வா பதத்தில் இருக்க வேண்டும்.

1. முதலில் வேலையின் வரிசை

புதிதாகச் செய்கிறவர்கள் எடுத்தவுடன் பழத்தை உரித்து நறுக்கி வைத்துவிடுகிறார்கள். பிறகு மாவைத் தேடி, கரைத்து, எண்ணெய் வைத்து, அது காயும்வரை காத்திருக்கிறார்கள். அதற்குள் பழம் கறுத்து, மேலே பிசுபிசுவென்று நீர் விட்டிருக்கும். அந்தப் பழத்தில் எந்த மாவும் ஒட்டாது.

சரியான வரிசை இது: மாவு கரைப்பதற்கு 2 மணி நேரத்துக்கு மேல் முன்பே சுண்ணாம்புத் தெளிநீர். பொரிப்பதற்கு அரை மணி முன் மாவு கரைத்து ஊற வைத்தல். மாவு ஊறியதும் எண்ணெயை அடுப்பில் ஏற்றுதல். எண்ணெய் காய்கிற அந்த 8, 10 நிமிடத்தில்தான் பழத்தை உரித்து நறுக்குதல். நறுக்கிய பழம் 5 நிமிடத்துக்குள் எண்ணெயில் இறங்கிவிட வேண்டும்.

2. பழம்

பாதி வெற்றி கடையிலேயே முடிவாகிவிடுகிறது. இந்தோனேசியாவில் இதற்கு அதிகம் எடுப்பது கெப்போக் என்ற பழம். குட்டையாக, பட்டையாக, விளிம்புகள் எடுப்பாக, தோல் தடிப்பாக இருக்கும். சதை கெட்டி. மஞ்சள் சதை, வெள்ளைச் சதை என்று அதில் இரண்டு வகை உண்டு. பொரிப்பதற்கு மஞ்சளைத்தான் விரும்புவார்கள். வாசனை வேண்டுமென்றால் ராஜா, நீளத் துண்டுகள் வேண்டுமென்றால் மாட்டுக்கொம்பு போல வளைந்த தண்டுக் ஆகியவையும் உண்டு.

தமிழ்நாட்டுச் சந்தையில் தண்டுக்குக்குப் பக்கத்தில் நிற்பது நேந்திரன். கெப்போக்குக்குப் பதிலாக, நன்றாகப் பழுத்த மொந்தனை எடுக்கலாம். காயாக மட்டுமே வாங்கிப் பழகியவர்கள் 2 சீப்பு வாங்கி வீட்டில் பழுக்க வைத்துப் பாருங்கள். இனிப்பு சற்றுக் குறைவாக இருந்தாலும் உருக்குலையாமல் நிற்கும். கற்பூரவள்ளியும் நன்றாக வரும். பச்சைப்பழம், மோரிஸ் இரண்டும் வேண்டாம். சூடு பட்டதும் கூழாகிவிடும். பூவனில் புளிப்பு தூக்கலாக இருக்கும்.

பழுத்த பதம் வகையைவிட முக்கியம். தோல் முழுக்க மஞ்சளாகி, அங்கங்கே கறுப்புப் புள்ளி விழத் தொடங்கிய பழமே சரி. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக இடம் கொடுக்க வேண்டும். விரல் புதையக் கூடாது. நேந்திரன் மட்டும் விதிவிலக்கு. அதன் தோலில் கால்வாசி கறுத்த பிறகே உள்ளே இனிப்பு முழுதாக ஏறியிருக்கும். தோல் முழுக்கக் கறுத்த பழத்தைப் பொரித்தால், சர்க்கரை வெளியே கசிந்து எண்ணெயையே கெடுத்துவிடும். அதைப் பணியாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. சாமான்கள்

4 பேருக்கு அளவு. பழம்: நேந்திரன் 3, அல்லது மொந்தன் 6.

மேல்மாவுக்கு: மைதா 100 கிராம். பச்சரிசி மாவு 60 கிராம். கார்ன்ஃப்ளோர் அல்லது மரவள்ளி ஸ்டார்ச் 2 மேசைக்கரண்டி. சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி. உப்பு அரைத் தேக்கரண்டி. குளிர்ந்த சுண்ணாம்புத் தெளிநீர் 200 மி.லி., பதம் பார்க்க இன்னும் 30 மி.லி. கடைசியில் சேர்க்கக் காய்ந்த எண்ணெய் 2 மேசைக்கரண்டி. வெனிலா எசென்ஸ் சில துளிகள், பிடித்தால்.

பழத்தின் மேல் தூவ அரிசி மாவு தனியாக 2 மேசைக்கரண்டி. பொரிக்க எண்ணெய் 750 மி.லி.

ஒவ்வொரு மாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மைதாவின் பசைத்தன்மை மேலோட்டைப் பழத்தோடு பிடித்து வைக்கும். மொறுமொறுப்பு அரிசி மாவிலிருந்து வருகிறது. கார்ன்ஃப்ளோர் அந்த மொறுமொறுப்பை மெல்லிசாக்கும். மைதா மட்டும் போட்டால் ஆறியதும் ரப்பர் போல இழுக்கும். அரிசி மாவு மட்டும் போட்டால் கல்லாகி, பழத்தை விட்டுக் கழன்றுவிடும்.

அரிசி மாவு விஷயத்தில் கவனம் தேவை. இடியாப்ப மாவு வறுத்தது அல்லது அவித்தது. தண்ணீரை அதிகம் இழுத்து மாவைக் கெட்டியாக்கிவிடும். புட்டு மாவு கொரகொரப்பு அதிகம். வறுக்காத, நைஸான, உலர்ந்த பச்சரிசி மாவுதான் இங்கே வேண்டும். வீட்டில் இடித்த ஈரமாவு என்றால் தெளிநீரை 170 மி.லி.யிலிருந்து தொடங்குங்கள்.

எண்ணெய்க்கு இந்தோனேசியாவில் பாமாயில்தான். நம் வீட்டில் ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயும் கடலை எண்ணெயும் சரியாக வரும். நல்லெண்ணெய் வாசனை பழத்தை அமுக்கிவிடும்.

4. சுண்ணாம்புத் தெளிநீர்

அந்த ஊர்த் தள்ளுவண்டிப் பிசாங் கோரெங் மணிக்கணக்கில் மொறுமொறுப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் காப்புர் சிரி. வேறொன்றுமில்லை, வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு.

500 மி.லி. தண்ணீரில் 1 தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, மூடி, அசைக்காமல் 2 மணி நேரம் வையுங்கள். வெள்ளையெல்லாம் அடியில் படிந்து, மேலே தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். மேற்பரப்பில் மெல்லிய ஏடு ஒன்று படர்ந்திருக்கும். அது காற்று பட்டதால் உண்டானது. அதைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, பாத்திரத்தை மெதுவாகச் சாய்த்து, தெளிந்ததை மட்டும் மெல்லிய துணியில் வடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடி வண்டல் ஒரு சொட்டுகூட மாவில் சேரக் கூடாது, நாக்கு வெந்துவிடும். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பை எக்காரணத்துக்கும் எடுக்கக் கூடாது.

தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் கொஞ்சம்தான் கரையும். அந்தக் கொஞ்சமே போதும். அதிலுள்ள கால்சியம் பழத்தின் மேற்பரப்பை இறுக்கும்; காரத்தன்மை மேல்மாவு நிறம் ஏற உதவும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல செய்முறைகளில் நிறத்துக்கு மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை சேர்ப்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த கைக்குத் தெரியும். மாவு செம்மை தட்டி, வெந்ததா வேகவில்லையா என்று நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் போகும். தெளிநீர் சேர்த்தால் மஞ்சள் வேண்டாம்.

சுண்ணாம்பு கிடைக்காவிட்டால் வெறும் ஐஸ் தண்ணீர் போதும். மொறுமொறுப்பு சற்று முன்னதாக அடங்கும், அவ்வளவுதான். அதற்கு ஈடாக ஆப்பச்சோடாவைப் போடாதீர்கள். மாவு உப்பி, பஞ்சு போல எண்ணெயைக் குடிக்கும்.

5. மாவு கரைத்தல்

உலர்ந்த பொருள்களை எல்லாம் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். நடுவில் குழி செய்து 150 மி.லி. தெளிநீரை ஊற்றி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கரையுங்கள். கட்டி உடைந்த பிறகு மீதி 50 மி.லி.யைச் சேருங்கள். கெட்டியாகக் கரைத்துப் பிறகு இளக்கினால்தான் கட்டி விழாது.

கட்டி போனதும் நிறுத்திவிட வேண்டும். மைதாவை அடித்துக்கொண்டே இருந்தால் பசை ஏறி, மேலோடு தோல் போல ஆகிவிடும். மூடி, 20 நிமிடம் ஊறட்டும். அரிசி மாவுக்குத் தண்ணீரை இழுக்க இந்த நேரம் வேண்டும். ஊறாத மாவு பல்லில் நறநறக்கும்.

ஊறிய பிறகு பதம் பாருங்கள். கரண்டியின் பின்பக்கத்தை மாவில் முக்கி எடுத்து, விரலால் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரு கரையும் மூடாமல் நிற்க வேண்டும். கரண்டி நுனியிலிருந்து மாவு அறுபடாத நூலாக வழிய வேண்டும். பஜ்ஜி மாவைவிட நீர்த்து, தோசை மாவுக்கு நெருங்கி இருக்கும். கோடு உடனே மூடிக்கொண்டால் 1 மேசைக்கரண்டி அரிசி மாவு. நூலாக வழியாமல் பொத்தென்று விழுந்தால் மீதியிருக்கும் தெளிநீரில் கொஞ்சம்.

6. எண்ணெய் காய்வதற்குள் பழம்

அகன்ற சட்டி வேண்டாம், குழிவான இருப்புச்சட்டி நல்லது. எண்ணெய் 5 செ.மீ. ஆழமாவது இருக்க வேண்டும். நடுத்தரத் தீயில் ஏற்றிவிட்டுப் பழத்துக்கு வாருங்கள்.

நேந்திரனை உரித்து, குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் 3 துண்டாக்குங்கள். கனம் 8 மி.மீ. அளவில் இருக்கட்டும். அதைவிட மெல்லிசானால் சிப்ஸ். தடித்தால் மேலே சிவந்த பிறகும் உள்ளே சூடேறாது.

மொந்தன் போன்ற குட்டைப் பழத்துக்கு விசிறி வெட்டு அழகு. இந்தோனேசியாவில் இதற்குக் கீப்பாஸ் என்று பெயர். விசிறி என்றே பொருள். காம்புப் பக்கம் 2 செ.மீ. விட்டுவிட்டு, அங்கிருந்து நுனிவரை 4, 5 இதழாகக் கீறி, பலகையில் வைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் விசிறி போல விரியும். இதழ்களுக்கு இடையில் மாவு புகுந்து மொறுமொறுப்பான ஓரம் அதிகமாகக் கிடைக்கும். கத்தி மெல்லிசாகவும் கூராகவும் இல்லையென்றால் இந்த வெட்டில் இறங்க வேண்டாம். காம்புப் பக்கம் பிய்ந்துவிடும்.

வெட்டியதும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு தட்டில் பரப்பிய அரிசி மாவில் இரு பக்கமும் புரட்டி, அதிகப்படியைத் தட்டிவிடுங்கள். மிகப் பலர் தாவிவிடுகிற படி இதுதான். பழத்தின் மேற்பரப்பு வழுக்கும். உலர்ந்த மாவு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கரைத்த மாவு பிடித்துக்கொள்ள ஒரு சொரசொரப்பைக் கொடுக்கிறது.

7. முதல் பொரிப்பு

எண்ணெய் 165 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடியைத் தொட்டு, இரண்டு எண்ணுவதற்குள் மேலே மிதந்து வந்தால் சரி. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. அடியைத் தொடாமலே மேலே வெடித்துச் சிவந்தால் தீயைக் குறைத்து 2 நிமிடம் பொறுங்கள்.

இப்போது சட்டியிலிருந்து 2 மேசைக்கரண்டி எண்ணெயை எடுத்து மாவில் ஊற்றி, உடனே கலக்குங்கள். முறுக்கு மாவில் காய்ந்த எண்ணெய் விடுவது எதற்கோ அதற்குத்தான் இதுவும்: மேலோடு பொரபொரப்பாக உடையும். கொஞ்சம் சீறும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். இதை முன்பே சேர்க்காததற்குக் காரணம் உண்டு. மாவு முதலில் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும். எண்ணெய் முந்திக்கொண்டால் மாவு சரியாக ஊறாது.

ஒவ்வொரு முறையும் மாவை அடியிலிருந்து ஒரு சுற்று கலக்கிவிட்டுத்தான் பழத்தை முக்க வேண்டும். அரிசி மாவு சும்மா இருந்தால் அடியில் தங்கிவிடும். கடைசித் துண்டுகள் மட்டும் கல்லாக வருவது அதனால்தான்.

முக்கிய துண்டை ஒரு கணம் தூக்கிப் பிடித்து, வழிவது நின்றதும் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து எண்ணெயில் விடுங்கள். 4 துண்டுக்கு மேல் வேண்டாம். கூட்டம் சேர்ந்தால் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும். மேலோடு இறுகுவதற்குள் எண்ணெய் உள்ளே போய்விடும்.

முதல் 1 நிமிடம் கரண்டியே படக் கூடாது. மேலோடு இறுகட்டும். பிறகு ஜல்லிக்கரண்டியால் மெல்லத் திருப்பி, மொத்தம் 3 முதல் 4 நிமிடம், வெளிர் மஞ்சள் நிறம் வரும்வரை விட்டு எடுங்கள். போட்டவுடன் துண்டைச் சுற்றி ஆர்ப்பாட்டமாகக் கொதித்த குமிழிகள் இப்போது பாதியாகியிருக்கும். அந்தக் குமிழி எல்லாம் உள்ளிருந்து வெளியேறுகிற நீராவி.

ஒவ்வொரு ஈடு எடுத்ததும் மிதக்கும் தூள்களை அரித்துவிடுங்கள். விட்டால் கருகி அடுத்த ஈட்டில் ஒட்டும்.

தள்ளுவண்டிகளில் பார்க்கிற, பழத்தின் மேல் பூந்தித் தூள் போல அப்பியிருக்கும் கிரெமெஸ் வேண்டுமென்றால், துண்டு எண்ணெயில் மிதக்கும்போது கொஞ்சம் மாவை விரல்களால் அள்ளி, ஒரு சாண் உயரத்திலிருந்து அதன் மேல் தெளியுங்கள். பொரிந்து சிதறும் தூளைக் கரண்டியால் துண்டை நோக்கி ஒதுக்கிக்கொண்டே இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று தடவை செய்தால் கை பழகிவிடும்.

8. இரண்டாம் பொரிப்பு

எடுத்த துண்டுகளை 5 நிமிடமாவது ஆற விடுங்கள். பழத்தின் நடுவில் இருக்கும் ஈரம் இந்த நேரத்தில் மேலோட்டுக்கு வந்து சேரும். கையால் தொட்டால் மேலோடு மெத்தென்று ஆகியிருப்பது தெரியும். கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம், இப்படித்தான் ஆக வேண்டும்.

எண்ணெயை 180 டிகிரிக்கு ஏற்றி, மறுபடி போட்டு 1 முதல் ஒன்றரை நிமிடம். மேலே வந்த ஈரம் முழுக்கச் சீறிப் போய், நிறம் தேன் போல மாறும். ‘சொய்ய்’ என்ற கனத்த சத்தம் மெலிந்து ‘சிர்ர்’ என்று ஆகும்போது எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் நிறம் ஒரு படி ஏறும். நீங்கள் விரும்புகிற நிறத்துக்குச் சற்று முன்னதாகவே எடுக்க வேண்டும்.

ஒரே தடவையில் முடிப்பவர்கள் 170 டிகிரியில் 5 நிமிடம் பொரிக்கலாம். உடனே சாப்பிடுவதென்றால் போதுமானது. விருந்தினருக்கு என்றால் இரண்டு பொரிப்புதான் நல்லது. முதல் பொரிப்பை 2 மணி நேரம் முன்பே முடித்து வைத்துக்கொள்ளலாம்.

9. வடித்தல்

தட்டில் டிஷ்யூ காகிதம் விரித்து, அதன் மேல் அடுக்கடுக்காகக் குவித்து, போதாக்குறைக்கு ஒரு மூடியும் போட்டுவிடுகிறார்கள். இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய நீராவி அங்கேயே சிக்கி, அடித்துண்டுகள் நமத்துப் போகின்றன. கம்பித் தட்டில் ஒன்றோடொன்று படாமல் சாய்த்து நிறுத்துங்கள். கம்பித் தட்டு இல்லாத வீட்டில், ஓட்டைகள் உள்ள பெரிய சல்லடையைக் கவிழ்த்து வைத்தால் வேலை நடக்கும்.

10. ஊருக்கு ஒரு விதம்

மேற்கு கலிமந்தானின் பொந்தியானாக் நகரம் விசிறி வெட்டுக்கும், மேலே தடவித் தரும் ஸ்ரீகாயாவுக்கும் பேர்பெற்றது. ஸ்ரீகாயா என்பது தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய இனிப்புக் களிம்பு. அதைத் தடவுவதாக இருந்தால் மாவில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். துருவிய சீஸும் கண்டென்ஸ்டு மில்க்கும் மேலே போடுவது இன்னொரு வழக்கம். உப்பும் இனிப்பும் நன்றாகச் சேரும். ஆனால் தட்டில் வைத்த கையோடு சாப்பிட வேண்டும்.

பிசாங் கோரெங் பாசிர் என்பதில் ‘பாசிர்’ என்றால் மணல். மாவில் முக்கிய துண்டை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். மாவை இன்னும் கொஞ்சம் கெட்டியாக்கி, 165 டிகிரியில் ஒரே தடவையாகப் பொரியுங்கள். ரொட்டித் தூள் 180ஐத் தாங்காது. பிசாங் கோரெங் மாடு என்பதில் ‘மாடு’ என்றால் அவர்கள் மொழியில் தேன். தேன் சேர்ப்பதால் அது கருஞ்சிவப்பாக இருப்பது இயல்பு. அதற்கு 160க்கு மேல் போகவே கூடாது.

வடக்கு சுலவேசியின் மானாடோவில் கோரோஹோ என்ற வாழையைக் காயாகவே மெல்லிய துண்டுகளாக்கி, மாவில்லாமல் பொரித்து, சம்பல் ரோவா தொட்டுச் சாப்பிடுகிறார்கள். ரோவா என்பது புகையூட்டி உலர்த்திய மீன். நேந்திரங்காயை 4 மி.மீ. கனத்தில் அரிந்து 170 டிகிரியில் பொரித்தால் அந்தச் சுவையை நெருங்கலாம். சம்பலுக்கு 8 சிவப்பு மிளகாய், 8 சின்ன வெங்காயம், 1 தக்காளி, உப்பு ஆகியவற்றை அரைத்து எண்ணெய் பிரியும்வரை வதக்கி, 2 மேசைக்கரண்டி இடித்த மாசிக்கருவாடு சேருங்கள். மாசியும் புகையில் உலர்ந்ததுதான். அதனால் வாசனை பொருந்தி வரும்.

11. எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க

மேலோடு பழத்தை விட்டுக் கழன்று தனியாக மிதந்தால், பழத்தில் ஈரம் இருந்திருக்கிறது. அல்லது உலர்ந்த மாவில் புரட்டவில்லை.

எண்ணெய் சொட்டினால் சூடு போதவில்லை, அல்லது சட்டியில் கூட்டம். மாவு மிக நீர்த்திருந்தாலும் இதே கதிதான்.

வெளியே கறுத்து உள்ளே குளிர்ந்திருந்தால் பலர் தீயை மட்டும் குறைசொல்வார்கள். பழம் அளவுக்கு மீறிப் பழுத்திருந்ததா, மாவில் சர்க்கரை கூடிவிட்டதா என்றும் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்த பழமாக இருந்தாலும் இப்படி ஆகும்.

சூடாக இருக்கும்போது மொறுமொறுப்பு, 10 நிமிடத்தில் தொளதொளப்பு என்றால் சந்தேகமில்லாமல் இரண்டாம் பொரிப்பை விட்டிருப்பீர்கள், அல்லது மூடி வைத்திருப்பீர்கள்.

துவர்த்தால் பழம் இன்னும் காய். அதைச் சர்க்கரை தூவி மறைக்க முடியாது. மீதிப் பழத்தை 2 நாள் விட்டுப் பொரியுங்கள்.

12. மீந்துபோனால்

ஆறிய துண்டுகளை மைக்ரோவேவில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மேலோட்டைக் கொழகொழப்பாக்கிவிடும். ஏர் ஃப்ரையரிலோ அவனிலோ 180 டிகிரியில் 4 நிமிடம் வைத்தால் மீண்டும் உடையும் பதத்துக்கு வரும். இரண்டும் இல்லையென்றால் அடிகனமான தோசைக்கல்லை இளந்தீயில் சூடாக்கி, எண்ணெய் விடாமல், பக்கத்துக்கு 2 நிமிடம் திருப்பிப் போடுங்கள். கரைத்து மீந்த மாவை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். அன்றைக்கே வெங்காயமோ கீரையோ அரிந்து போட்டுப் பொரித்துவிடலாம். சுண்ணாம்புத் தெளிநீர் அதற்கும் நல்ல மொறுமொறுப்பைத் தரும். பழம் பொரித்த எண்ணெயில் சர்க்கரை கசிந்திருப்பதால் அது சீக்கிரம் கறுக்கும். ஆறியதும் துணியில் வடிகட்டி, 2, 3 நாளுக்குள் தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள்.